தங்கச்சி பெயரில் என் இரத்தம்

பள்ளிக்கூடத்துக்கு மலேரியாக்காரர் வந்தால் என் தங்கச்சி கக்கூசுக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அதற்கு இந்தக் கூத்து! அவளுக்கு ஏழு வயது, எனக்கு எட்டு. எதையும் கிட்டப் போய்ப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த முறை என் விரலைக் குத்தியவரிடம் கேட்டேன்.

"ஐயா, ரத்தத்துக்குள்ள என்னத்தைத் தேடுறியள்?"

"காய்ச்சல் கிருமி."

"அது என்ன மாதிரி இருக்கும்?"

"தள்ளி நில்லு பிள்ளை, மற்றவை நிக்கினம்."

இதெல்லாம் ஒரு பதிலா? தங்கச்சியின் வகுப்புக்கு வேறொருவர் குத்திக்கொண்டிருந்தார். அவராவது சொல்வார் என்று அந்த வரிசையிலும் போய் நின்று, அவள் பெயரைச் சொல்லி மற்றக் கையை நீட்டினேன். அவரும் சொல்லவில்லை. தங்கச்சி மேல் இரங்கிச் செய்ததாகத்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பாதி புளுகு.

இருவருக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதே கிழமைக்குள்ளேயே தங்கச்சிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். "மலேரியா இல்லையெண்டு சோதிச்சுச் சொல்லிப்போட்டினம்" என்று அயலவர்களிடமும் சொன்னார். வாயைத் திறந்தால் என் முதுகுத்தோல் உரியும் என்று நான் பேசாமல் இருந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்தது. மூன்றாம் முறை அவள் அம்மாவைப் பார்த்து, "ஆர் நீங்கள்?" என்று கேட்டாள். நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அம்மா, அண்டைக்கு அவளின்ர பேரிலை குடுத்தது என்ர ரத்தம்!"

அம்மா என்னை அடிக்கவில்லை. "ஐயோ மாதாவே!" என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் விரலிலேயே குத்தினார்கள். மலேரியாதான். மருந்துக் குளிசை கொடுத்தும், அடுத்த நாள் மத்தியானமாகியும் அவள் கண் திறக்கவில்லை. இரத்தம் சோதிக்கிற ஐயா என் திருகுதாளத்தைக் கேள்விப்பட்டிருந்தார். "இஞ்ச வா, நீ செய்த வேலையைப் பார்" என்று, அவள் இரத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில் என்னைக் கண் வைக்கச் செய்தார்.

வெளிறிய வட்டங்கள், எண்ணமுடியாத அளவுக்கு. சிலவற்றுக்குள் மட்டும் மெல்லிய நீல மோதிரம், அதில் ஒரு பொட்டுக் கல். இதுவா என் தங்கச்சியைக் கொல்லப் பார்க்கிறது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது கட்டிலருகே இருந்த அம்மா கேட்டார், "என்னடி கண்டனி?"

"கல்லு வைச்ச மோதிரம் மாதிரி, அம்மா. சரியான வடிவு, பார்த்துக்கொண்டே இருக்கலாம்!"

பளார் என்று விழுந்தது. பொய்க்கு விழாத அடி இதற்கு விழுந்தது. அடித்துவிட்டு அம்மாவே குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு கீச்சுக் குரல் கேட்டது.

"அக்கா, கல்லு என்ன நிறம்?"