சஹனுக்கு ஆள் தேடிய ஹோட்டல்

போன கிழமை நான் ஹோட்டலில் தங்கினேன். கொழும்புக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில் பாய் விரித்துப் படுக்கிற ஆள் நான். இந்த முறை ஹோட்டல். அதுவும் லிஃப்ட் வைத்த ஹோட்டல்!

ஏன் போனேன்? உல்லாசப் பயணம் என்று ஊரில் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன்... பொறாமை.

என் சகலன், அதாவது மனைவியின் தங்கை புருஷன், படித்தவர். பள்ளிக்கூட மாஸ்டர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சவளக்கடை ஊரில் நெல் மூட்டை சுமந்து, வண்டில் ஓட்டி, லொறி வாங்கி, இன்றைக்குக் கல்முனையில், நற்பிட்டிமுனை றோட்டில் சொந்த மில் வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசித்தவன் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால் சும்மாவா?

ஆனால் வீட்டில் மதிப்பு அவருக்குத்தான். மாமனார் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்தார். கிணறு ஒன்று. நடுவில் வேலிகூட இல்லை. அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் கேட்கும். மனிதனுக்கு நிம்மதி வருமா?

போன மாதம் மாஸ்டர் ஏதோ கருத்தரங்குக்குக் கொழும்பு போனார். கல்விக் கந்தோர் செலவில் இரத்மலானைப் பக்கம் ஒரு ஹோட்டலில் போட்டிருக்கிறார்கள். வந்த நாள் முதல் அதே கதை. குளிர் மெஷின், கலர் டிவி, ஆளுக்கொரு மேசை, முள்ளுக்கரண்டி...

"தங்கச்சிட மாப்பிள முள்ளுக்கரண்டியாலதான் சாப்பிட்டாராம். வெள்ளக்காரனப் போல," என்றாள் என் மனைவி சபியா.

"ஏன்கா, அவருக்குக் கையில புண்ணா?"

"உங்களுக்குப் பொறாம."

இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமையே சபியாவைக் கூட்டிக்கொண்டு அதே ஹோட்டலுக்குப் போய் இறங்கினேன். தெஹிவளையில் மிருகம் பார்க்கிற சாட்டு.

அது உல்லாசத்துக்குக் கட்டிய இடமில்லை. சுற்றிவர ஃபக்டரிகள். கம்பனி வேலையாக வருகிறவர்கள் தங்கும் ஹோட்டல். பகல் சாப்பாட்டுக்கு இறங்கினோம். மாஸ்டர் சொன்னது சரிதான். ஆளுக்கொரு மேசை. டை கட்டிய மனிதர் ஒருவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்து. மூன்றாமவர் கடதாசிக் கட்டைப் பார்த்து. ஒருவரோடு ஒருவர் பேச்சு மூச்சில்லை. சாவு விழுந்த மையித்து வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்.

வெயிட்டர் நடுத்தர வயது. பதுளைக்காரர், தமிழ் பேசினார். "சமையல் நம்ம முஸ்லிம் நானாதாங்க, எல்லாம் ஹலால்," என்றார். புரியாணி சொன்னேன்.

"எத்தனை பேருக்குங்க?"

மாஸ்டருக்கு ஒரு பீங்கான் தட்டு வந்திருக்கும். நான் விடுவேனா?

"பெருசாக் கொண்டாங்க."

கொண்டு வந்தார். வெள்ளி நிறத்தில் பெரிய வட்டத் தட்டம். சோறு குவிந்து கிடக்கிறது. நடுவில் முழுக் கோழி.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இது சஹன் அல்லவா! எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன். ஆள் சேராமல் எவனாவது சஹனில் கை வைப்பானா? ஐம்பது வருடமாக இந்தக் கை அப்படிச் செய்ததில்லை.

"இஞ்சாருங்க, ஆறப்போகுது. சாப்பிடுங்களன்," என்றாள் சபியா.

"ஆள் காணாதுகா. ஆறு பேர் வேணும்."

"அல்லாவே! இது ஹோட்டல். கலியாண ஊடில்ல."

நான் எழும்பிவிட்டேன். சுவரைப் பார்த்தவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "எண்ட மஹத்தயா, பத் கமு," என்று சோறு தின்னக் கூப்பிட்டேன். பெயின்ட் கம்பனிக்காரராம். முழித்தார். கையைப் பிடித்தேன், வந்துவிட்டார். கடதாசி பார்த்தவர் மெஷின் சாமான் விற்கிறவர். சிரித்துக்கொண்டே வந்தார். ஜன்னல்காரர் யாழ்ப்பாணத்துத் தம்பி, இன்சூரன்ஸ்.

"வேண்டாம் ஐயா, நீங்கள் சாப்பிடுங்கோ," என்றார்.

"கரண்டிய வெச்சிப்போட்டு வாங்க தம்பி. சஹன் ஆறினா எனக்குத்தான் குறை."

சபியா தன் பங்கைப் பீங்கானில் போட்டுக்கொண்டு, அந்நிய ஆண்கள் முன்னால் இருக்காமல் அறைக்குப் போய்விட்டாள். போகிறபோது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை விடுங்கள்.

நாங்கள் நாலு பேர். பிஸ்மில் சொல்லிக் கை வைத்தேன். கோழியைப் பிய்த்து எல்லோர் பக்கமும் தள்ளினேன். டைக்காரர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என்ன சிரிப்பு, என்ன கதை! யாழ்ப்பாணத்துத் தம்பி மட்டும் அதிகம் கதைக்கவில்லை. கை கழுவுகிற இடத்தில்தான் வாய் திறந்தார்.

"வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் பதினொரு நாள் ஐயா. இண்டைக்குத்தான் ஒராளோட இருந்து சாப்பிட்டனான்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்காக மட்டுமா? மாஸ்டருக்கு இப்படி ஒரு கதை கிடைக்குமா? முள்ளுக்கரண்டியோடு தனியே இருந்த மனிதர்! கிணற்றடியில் இதை எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

வெயிட்டர் தட்டத்தை எடுக்க வந்தார்.

"கல்முனைக்காரங்க எல்லாரும் இப்படித்தானாங்க?"

"ஏன்?"

"போன மாசம் ஒரு மாஸ்டர் வந்தாரு. அவரும் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே தட்டுல உக்கார வச்சிட்டாரு. கரண்டியத் தொடவே இல்லைங்க."

எனக்கு எப்படியிருந்திருக்கும்? மாஸ்டர் வீட்டில் பொய் சொன்னார் என்று கோபம் வரவேண்டும். வரவில்லை. எனக்கு முன்னால் செய்துவிட்டாரே என்ற எரிச்சல்தான் வந்தது.

ஊருக்கு வந்தோம். மாஸ்டர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். அவருக்கு நான் காக்கா, அதாவது அண்ணன் முறை.

"என்ன காக்கா, முள்ளுக்கரண்டி புடிக்கத் தெரிஞ்சிச்சா?"

சபியா வாசலில் நின்று காது கொடுக்கிறாள். அவள் தங்கை அந்த வாசலில். நான் வாயைத் திறந்தால் அவர் முள்ளுக்கரண்டி அந்த இடத்திலேயே முறிந்துவிடும். திறந்தும்விட்டேன்.

"அந்தப் பதுளை வெயிட்டர் உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னார் மாஸ்டர்."

மாஸ்டரின் கை முகத்திலேயே நின்றது. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கிட்ட வந்தார். பெண்களுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டார்.

"நீங்களும் ஆள் கூப்பிட்டயா காக்கா?"

"ஓம்."

"எத்தின பேர் வந்த?"

"மூணு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்...

"எனக்கு அஞ்சு. சஹன் நிறஞ்சி போச்சி," என்றார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை நடை நடந்து தன் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை போனது என் பிழை. கம்பனிக்காரர்கள் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை புதன்கிழமை!