றோட்டில் மறித்துக் கொடுத்த சர்பத்

மகள் இருக்கும் ஊரில் மழை பெய்தால் எங்களுக்குத் தொலைபேசி வரும். "அப்பா, கேக்குதோ?" என்று கைத்தொலைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவாள். மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேலில், மூன்றாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு நானும் என் மனிசியும் அரிசோனா மழையைக் கேட்போம். தேத்தண்ணி ஆறுவதற்குள் மழை முடிந்துவிடும்.

அவள் அங்கே போன புதிதில் வீட்டுக்குப் பின்னால் வெறும் மணலும் கள்ளியும்தான். அடுத்த வருஷம் வீடியோவில் பார்த்தால் அவளுடைய தலைக்குப் பின்னால் ஒரு கூரை. பிறகு கூரைக்குப் பின்னால் கூரை. பிறகு ஒரு சிக்னல் விளக்கு. பாலைவனம் இப்படி ஊராவது எனக்குப் புதிதல்ல. இளவயதில் சவூதியில் றோட்டு வேலை செய்தவன் நான். காலையில் தார் ஊற்றிய இடத்தில் மாலையில் லொறி ஓடும். அங்கே பணக்கார வீட்டு மதில்களில் வெளிப்பக்கம் பார்த்து ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும், பக்கத்தில் சங்கிலியில் கட்டிய கோப்பை. போகிறவன் வருகிறவன் எவனும் குடிக்கலாம். ஐஸ் தண்ணீர். நாங்கள் வேலை செய்த றோட்டில் அப்படி ஒரு மதில் இருந்தது. வீட்டுக்காரரை நான் ஒருநாளும் கண்டதில்லை. இந்தக் கதையை மகளுக்குச் சின்னவயதில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. மனிசி கேட்டால் "ஆயிரம் தரம்" என்பாள்.

மகளின் ஊரில் வீடு கட்டுகிற சனம், வீடு வீடாய்க் கடிதம் போடுகிற சனம், பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எல்லாம் வெயிலில்தான். பஸ் தரிப்பிடம் என்றால் ஒரு கம்பம், அவ்வளவுதான். அந்தக் கம்பத்தின் நிழலுக்குள் ஒருவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றதை அவள் வேலைக்குப் போகும்போது கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. அங்கே இருக்கிற நாலைந்து தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டுக் கதைத்தாள். சனிக்கிழமைகளில் பெரிய றோட்டோரம் தாகசாந்தி வைப்போம் என்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாவுக்கு வழியெல்லாம் கொட்டில் போட்டுச் சும்மா குடிக்கக் கொடுப்போமே, அதுதான். கம்ப்யூட்டர் வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைத் தண்ணீர்ப்பந்தல் என்றார்களாம். மோரா, தேசிக்காய் பிழிந்த சர்பத்தா என்று ஒரு பெரிய வாக்குவாதம். கடைசியில் இரண்டும்.

முதல் சனிக்கிழமை ஒரு சனமும் வரவில்லை. விற்கிறார்கள் என்று நினைத்தார்களோ, மதம் மாற்றுகிறார்கள் என்று நினைத்தார்களோ, கார்களெல்லாம் விர் விர் என்று போய்விட்டன. பிள்ளை அழுவாரைப் போலத் தொலைபேசி எடுத்தாள்.

"மேசைக்குப் பின்னால குந்திக்கொண்டிருந்தா ஆர் வருவினம்?" என்றாள் மனிசி. "றோட்டில இறங்கி மறியுங்கோ. ஊரில எப்பிடிச் செய்யிறவை?"

"அம்மா, இது அமெரிக்கா."

"அமெரிக்கனுக்கு விடாய்க்காதோ?"

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதுதான் முறை. பெடியள் கொடியோடு நடுறோட்டில் நிற்பார்கள். பஸ், வான், மோட்டார் சைக்கிள், ஒன்றையும் விடமாட்டார்கள். ஓட்டுகிறவருக்கும் அது தெரியும், தானாகவே நிறுத்திக் கையை நீட்டுவார். குடிக்காமல் போனால்தான் சண்டை.

அடுத்த சனிக்கிழமை மருமகன் ஒரு சிவப்புத் துவாயோடு நடுறோட்டில் இறங்கினார். பெரிய பட்டதாரி, நல்ல சாதுவான மனிசன். கார்கள் நின்றன! எத்தனை பேர் குடித்தார்கள் என்று மகள் சொல்லச் சொல்ல எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. ஆனால் ஒரு பெண்மணி, முன்னால் விபத்து என்று நினைத்து, கிறீச்சென்று பிரேக் அடித்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினால் உள்ளே நீண்டது ஒரு ரோஸ் நிறக் கிளாஸ். வாங்கிக்கொண்டு போனவர் நேரே முறைப்பாடு செய்துவிட்டார். பொலிஸ் வந்தது. பொலிஸ்காரர் மோர் குடித்துவிட்டு, நகரசபை முடிவு சொல்லும் வரைக்கும் மேசையை எடுங்கோ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். வைக்கலாமா, ஒரேயடியாகத் தடையா என்று புதன்கிழமை கூட்டம்.

"விடன் பிள்ளை, இது பெரிய காரியமோ?" என்றேன்.

"அப்பா, நான் இஞ்ச வந்து இவ்வளவு வருஷம். வேலையிடத்துக்கு வெளியில ஒரு மனிசரைத் தெரியாது. எல்லாரும் கராஜுக்குள்ள காரை விட்டிட்டுக் கதவைச் சாத்துற ஆக்கள். அந்தச் சனிக்கிழமைதான் ஊர்ச்சனத்தின்ர முகத்தைப் பாத்தனான்."

நான் கலண்டரில் புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன்.

கூட்டம் அங்கே காலை, எங்களுக்கு மத்தியானம். நகரசபைக் கூட்டம் எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் தெருவுக்கு மரம் வேண்டும் என்று அயலவர்கள் கேட்கப் போனபோது நானும் போய்க் குந்தியிருந்தேன். எல்லாம் பிரெஞ்சு. மற்றவர்கள் கை தட்டினால் நானும் தட்டினேன். மரம் வந்தது. இப்போதும் கோடையில் வாளியோடு படியிறங்கி அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான்தான். சரி, அது வேறு கதை.

மகள் சொல்லித் தந்தபடி மனிசி கூட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டாள். அவள் ஹோட்டலில் அறை துப்புரவு செய்த காலத்தில் இங்கிலிஷ் பிடித்தவள். எனக்கு அவள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு கிழவர் எழும்பினார்.

"என்னவாம்?"

"ஊரில தண்ணி குறைஞ்சு போகுதாம். புது வீடுகள் வேற பெருகுதாம். இந்த ஆக்கள் சும்மா ஊத்திக் குடுக்கினமாம்." மனிசி தலையை ஆட்டினாள். "இவரின்ர வளவில நீச்சல்குளம் இருக்கோ எண்டு ஆராவது கேளுங்கோவன்."

"அதை அவர் சொன்னவரோ?"

"அது நான் சொல்லுறன்."

பிறகு கூரை வேலை செய்கிற ஒருவர். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். "இந்த ஊர்க் கூரையில பாதி தான் போட்டதாம். ஒரு வீட்டுக்குள்ளயும் ஆரும் வா எண்டு கூப்பிட்டதில்லையாம். இவைதான் கூப்பிட்டவையாம்." மனிசியின் குரல் இறங்கிவிட்டது.

அடுத்தது அந்தக் கார்ப் பெண்மணி! நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன்.

"செத்துப் போனன் எண்டு நினைச்சாவாம். சிவப்புத் துணியோட ஒருத்தர் பாஞ்சு வந்தாராம்."

"மருமகனோ? பாஞ்சவரோ?"

"கத்தாதேங்கோ! தலைவர் கேக்கிறார், குடிச்சனீங்களோ எண்டு."

"குடிச்சவவோ?"

"ஓமாம். இனிப்புக் கூடிப்போச்சாம்." சபை முழுக்கச் சிரித்தது. மனிசி சிரிக்கவில்லை. "சீனியைக் குறை எண்டு எத்தினை தரம் சொன்னனான் உவளுக்கு!" பிறகு காதைத் தொலைக்காட்சிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "பொறுங்கோ, பொறுங்கோ... மேசையை எடுக்கச் சொல்லி வரேல்லையாம். றோட்டில நிக்கிறதைத்தான் நிப்பாட்டச் சொல்லுறாவாம்."

கடைசியில் என் பிள்ளை. நீலச் சட்டை. வேகமாகக் கதைத்தாள். மனிசி எனக்குச் சொல்வதை விட்டுவிட்டாள்.

"என்னவாம்? சொல்லுமன்!"

"உங்களைத்தான் சொல்லுறாள்."

"என்னையோ?"

"எங்கட அப்பா ஒரு பாலைவனத்தில றோட்டுப் போட்டவர் எண்டுறாள். மதிலுக்கு வெளியில ஒருத்தர் குழாய் வைச்சவராம். அவரின்ர முகம் அப்பாவுக்குத் தெரியாதாம். ஆனா அந்தத் தண்ணியின்ர குளிரை இப்பவும் சொல்லுவாராம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. என் கதை அந்தச் சபையில், அந்த மைக்கில்! அந்தச் சவூதிக்காரர் உயிரோடு இருப்பாரோ இல்லையோ, அவருடைய குழாய் அரிசோனா வரைக்கும் வந்துவிட்டது.

பிறகு மேசை வைக்கலாமா என்று வாக்கு. ஒருவர் ஓம். அடுத்தவர் இல்லை. அடுத்தவர் ஓம். அதற்கடுத்த பெண் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள், எனக்கென்றால் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இல்லை என்றாள். இரண்டுக்கு இரண்டு. தலைவரின் வாய்தான் மிச்சம்.

"ஓம்!" மனிசி குதித்தாள். "ஓம் எண்டிட்டார்!"

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஹெய்ட்டி அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார், யாருக்கோ உடம்புக்கு வருத்தம் என்று நினைத்து. மனிசி இரண்டு சொல் பிரெஞ்சில், மிச்சம் கையால் விளங்கப்படுத்தினாள். அவரும் எங்களோடு கை தட்டிவிட்டுப் போனார்.

ஆனால் நிபந்தனை உண்டு. றோட்டில் ஒருவரும் இறங்கக் கூடாது. மூடிக் கிடக்கிற ஒரு கடையின் வெற்று வாகனத் தரிப்பிடத்துக்குள்தான் மேசை. மனிசிக்கு அது பிடிக்கவில்லை.

"மறிக்காமல் ஆர் வருவினம்? பழையபடி ஈ, இலையான்தான் குடிக்கும்."

சனிக்கிழமை வீடியோ வந்தது. மகள் கைத்தொலைபேசியை மெல்லத் திருப்பினாள். முதலில் மேசை. பிறகு கூரை வேலைக்காரரும் அவருடைய கூட்டாளிகளும், எல்லாருடைய கையிலும் மோர். கார்ப் பெண்மணி ஒரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு மருமகனுக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், சீனியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர் முழுக்க வந்தது போல இருந்தது. அவள் இன்னும் திருப்பினாள். தரிப்பிடம் நிறையக் கார். வாசலில் கார். வாசலுக்கு வெளியே, பெரிய றோட்டில், சிக்னல் விளக்கு வரைக்கும் உள்ளே வரக் காத்து நிற்கிற கார்.

"அப்பா, ஒருத்தரும் றோட்டில இறங்கேல்லை," என்றாள். "ஆனா றோட்டு நிண்டுபோச்சு!"

"பொலிஸ் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. வரிசையில நாலாவதா நிக்குது."

மனிசி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"அதை விடு பிள்ளை. இவ்வளவு சனத்துக்குத் தேசிக்காய் காணுமோ?"