எல்லாப் பெட்டியிலும் ஒட்டடை

ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது. பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். ஆளும் அப்படித்தான், குதிக்காமலே கோல் போஸ்ட்டின் மேல்கட்டையைத் தொடுவார். கால்பந்து கிளப்பில் சேர்ந்த பிறகு பேர் சுருங்கி ஒட்டடை ஆயிற்று. கடைசிப் பிரிவில் ஆடுகிற, ஊருக்கு வெளியே ஒருத்தரும் கேள்விப்படாத கிளப். ஆனால் அதன் கோல் வாசலில் இளமை முழுக்க நின்றவர் அவர்தான். சேற்றுச் சட்டையைத் துவைத்துத் துவைத்து மனைவியின் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் கால்பந்து வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த வருஷம் சின்ன கிளப்புகளையும் சேர்க்கிறார்களாம். வீரர்களை அரைக்கால் சட்டையோடு நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். வீட்டில் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கேமில் வரப்போகிறார் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள்.

கேம் வருவதற்குள் முழங்கால் போய்விட்டது. பெரிய மேட்சில், கூட்டத்தின் கண் முன்னால் போயிருந்தாலாவது மனசு ஆறும். பயிற்சியில், யாரும் மோதாமல், சும்மா திரும்பும்போது போயிற்று. கிளப் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்தது. இரண்டாவது கோல்கீப்பராக இருந்த இளவட்டம் அவர் இடத்துக்கு வந்தான். ஒட்டடை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனைவிக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிறகு ஒரு கிடங்கில் மூட்டை, பெட்டி தூக்கும் வேலை. அங்கே வந்து இறங்கிய முதல் லோடே அந்தக் கேம்தான், என்னத்தைச் சொல்ல! கணினிக்கு ஒன்று, டிவியில் மாட்டுகிற கருவிகளுக்கு வகைக்கு ஒன்று, கையில் வைத்து ஆடுவதற்கு வேறொன்று. அட்டையின் நிறம் மட்டும் மாறும், ஆட்டம் ஒன்றுதான்.

"உன்ன நீயே தூக்குற, பாத்தியா!" என்று மேஸ்திரி சிரித்தார். ஒட்டடையும் சிரித்து வைத்தார். கால் வலி உயிரை எடுத்தது.

வீட்டில் மகள் அந்தக் கேமில் அப்பாவையே கோலில் நிறுத்தி ஆடினாள். ஆனால் கேம் செய்த புண்ணியவான்கள் அவர் திறமைக்குப் போட்டிருந்த மதிப்பெண் படுமோசம். எந்தக் கருவியில் ஆடினாலும் அதே மதிப்பெண்தான். வகுப்புத் தோழிகள் தங்கள் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக அவளோடு மோதி, கோல் மேல் கோலாகப் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கைக்கடியில் சுலபமாக ஒரு பந்து நுழைந்தது.

"இத நான் விட்டிருக்கவே மாட்டேன்மா."

"தெரியும்பா."

டிவியிலிருந்து தோழியின் குரல் கேட்டது. "உங்கப்பாவ மாத்துடி! இன்னும் எத்தன மேட்ச் தோப்ப?"

"மாத்த மாட்டேன், போடி!" மகளின் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளும் அப்பாவுக்காகவே தோற்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாத்தும்மா."

"வேணாம்பா."

"எனக்குக் கால் வலிக்குதுன்னு வெச்சுக்கோயேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒட்டடை நொண்டாமல் நடந்து வெளியே வந்தார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அந்த இளவட்டம் உள்ளே ஓடினான், அடுத்த பந்தைப் பாய்ந்து பிடித்தான். ஆட்டம் திரும்பிவிட்டது.

"அப்பா, ஜெயிச்சிட்டோம்!" மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவரும் கை தட்டினார். தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனார்.

அங்கே சுவரில் சாய்ந்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதவரைப் பார்த்து மனைவி பதறிப்போனாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"என்னைய டீம்லருந்து எடுத்துட்டாங்கடி" என்றார்.