கிரெஷ் வாசலில் ஓர் அப்பா

அயர்ன் மாஸ்டர் முருகன் கைக்குழந்தையோடு கிரெஷ் வாசலில் வந்து நின்றபோது, யாரோ ஒரு பெண்ணின் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என் பொண்ணுதாங்க்கா. வீட்ல அவங்க சிட்டி பஸ் ஓட்டுற வேலைல சேந்துட்டாங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். இங்க விட்டுட்டுப் போலாமா?"

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியின் கிரெஷ்ஷை, அதாவது குழந்தைகள் காப்பகத்தை, நான் பல வருடம் பார்த்துக்கொண்டேன். தையல் லைன் பெண்களின் குழந்தைகள்தான் அங்கே வரும். ஆண் தொழிலாளியின் குழந்தையைச் சேர்த்ததில்லை. முருகனை மேனேஜரிடம் அழைத்துப் போனேன். அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார்.

"நோடப்பா, பாரு முருகா, கிரெஷ் லேடீஸுக்கு மட்டும்தான். ஒய்ஃபை வேலைய விடச் சொல்லு."

முருகன் குரலை உயர்த்தவில்லை. "விடறதுன்னா நான்தான் சார் விடணும். அயர்ன் பாக்ஸ் புடிக்க எந்த ஃபேக்டரிலயும் கூப்புடுவாங்க. அந்த ஸ்டியரிங்கைப் புடிக்க அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

ஷிப்மென்ட் அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் அயர்ன் மாஸ்டரை இழக்க முடியாது. மேனேஜர் என்னைப் பார்த்தார். "அம்மாங்க ஒத்துக்கிட்டா எனக்கு ப்ராப்ளம் இல்ல, மேடம்."

அம்மாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காலர் தைக்கும் செல்விதான் முதலில் பேசினாள். "நாங்க பால் குடுத்துட்டு உக்காந்திருப்போம். ஆம்பளை உள்ள வந்தா எப்படிக்கா?" அவள் கேட்டது நியாயம்.

நான் போய் அதைச் சொன்னதும் முருகன், "நான் எதுக்குக்கா உள்ள வரணும்? குழந்தைய வெளிய குடுங்க, போதும்" என்றார்.

அப்படியே ஏற்பாடானது. டீ பிரேக்கில் வாசல் படியில் உட்கார்ந்து மடியில் மகளைக் கிடத்திப் பாட்டிலில் பால் கொடுப்பார். கேன்டீனுக்குப் போகும் வழி அது. கட்டிங் செக்‌ஷன் ஆண்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்ன மாஸ்டர், பால் சுரக்குதா?"

"பாட்டில்ல சுரக்குது. உனக்கும் வேணுமா?"

சில வாரங்களில் அவர்களுக்கே அலுத்துப்போனது.

கேலி செய்தவர்களில் செல்வியின் கணவன் ராஜாவும் ஒருவன். ஒரு நாள் லைனில் டார்கெட் முடியாமல் செல்வியால் வர முடியவில்லை. ராஜா வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, செல்வி அனுப்புச்சு. பாப்பாவுக்கு ஊட்டணுமாம். என்ன சாப்புடும் அது?"

ஒன்றரை வயது மகள் அவனைப் பார்த்ததும் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் முகம் வாடிவிட்டது. படியில் இருந்த முருகன் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அன்று குழந்தை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் அவனை யாரும் அனுப்பவில்லை, அவனாகவே வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். நான்காம் நாள் அவள் தானாகவே அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் செல்வி குழந்தையை எடுத்துக்கொள்ள வந்தாள். "இந்த ஃபேக்டரிக்கு வந்ததுலேர்ந்து இன்னைக்குத்தாங்க்கா டீயச் சூடாக் குடிச்சேன்" என்றாள்.

கிரெஷ் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: குழந்தை அழுதால் அம்மாவை மட்டும் தேடி ஓடாதீர்கள். அப்பாவும் அதே கட்டடத்தில் இருக்கலாம். கூப்பிட்டுப் பாருங்கள், வருவார்.