செம்பூர் தியேட்டரில் என் மகன் டிரம்ஸ் அடித்த படம்

இதுவரை இங்கே நான் எழுதியதெல்லாம் கோயிலுக்குப் போய் வந்த கதைதான். நாசிக், பண்டரிபுரம், கோலாப்பூர் என்று எந்த பஸ், எங்கே இறங்கணும், எத்தனை ரூபாய் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் போய் வந்தவர்கள் "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு" என்று போனில் சொல்லும்போது வயிறு குளிரும். இந்த முறை கோயில் பயணம் இல்லை. போன சனிக்கிழமை நானும் எங்கள் வீட்டுக்காரரும் தாராவியிலிருந்து மாட்டுங்கா வழியாகச் செம்பூருக்கு ஒரு படம் பார்க்கப் போனோம். சாமி படமும் இல்லை. ஆனாலும் முருகன் எங்கள் கூடவே வந்தான் என்றுதான் சொல்லுவேன்.

படம் என்றால் கதை கிடையாது. ஐந்து பையன்கள் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஹாலில் வாசிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வயலின், பெரிய வயலின், குழல் என்று நாற்பத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் குச்சியை ஆட்டி எல்லாரையும் நடத்துகிறார். ஒரே நாளில் நடந்த அந்தக் கச்சேரியைப் படம் பிடித்துத் தியேட்டரில் போடுகிறார்கள். இந்தப் பாட்டுக்கு 'புரோகிரஸிவ் மெட்டல்' என்று பெயராம். அப்படியென்றால் என்ன என்று என் மகள் செல்வியிடம் கேட்டேன். "கனமா அடிப்பாங்கம்மா. தாளம் ஒரே மாதிரி போவாது, மாறி மாறி வரும். கேக்கவங்க தலைய விரிச்சுப்போட்டு ஆடுவாங்க" என்றாள். நம்ம ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நடக்காததா என்று நினைத்துக்கொண்டேன்.

அதில் டிரம்ஸ் அடிப்பவன் என் மகன் இசக்கிமுத்து. அவனும் அவன் அப்பாவும் பேசி நாலு வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுக்காரர் தாராவியில் தகரப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். முப்பத்தொரு வருஷமாக அதே சத்தத்தில் நின்று வலது காது மந்தமாகிவிட்டது. மகனாவது சத்தமில்லாத வேலை பார்க்கட்டும் என்று யார் யாரிடமோ சொல்லி, அணுசக்தி நகரில் ஒரு டெக்னீஷியன் வேலை வாங்கிக் கொடுத்தார். காலையில் ஸ்டாஃப் பஸ், சாயங்காலம் ஸ்டாஃப் பஸ். பதினொரு மாதம் போனான். பிறகு டிரம்ஸ்தான் அடிப்பேன் என்று விட்டுவிட்டான். "நான் காத வித்து ஒன்ன அந்தச் சத்தத்துலேருந்து வெளிய அனுப்புனேன். நீ அதுக்குள்ளயே போய் ஒக்காருதியா? இனிமே என் வாசல மிதிக்காத" என்றார் இவர். அவனும் மிதிக்கவில்லை. தேவ்நாரில் சிநேகிதர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மாதம் ஒரு தடவை செம்பூர் ஸ்டேஷனில் நான் மட்டும் போய்ப் பார்த்து, பொடி வகைகள் கொடுத்துவிட்டு வருவேன். இந்தப் படத்தை இவர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை.

ஆகவே நான் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைச் சொல்லவில்லை. "செல்வி டிக்கெட் போட்டிருக்கா. வயலின் கச்சேரி படமாம், ஏசி தியேட்டர்" என்றேன். மகள் காசு போட்ட டிக்கெட்டை வீணாக்க அவருக்கு மனசு வராது. ஆளுக்கு 350, போனில் பதிந்ததற்கு 60 சேர்த்து 760 ரூபாய்.

காட்சி பத்தேகாலுக்கு. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. இதில் இவர் என்னைவிடக் கண்டிப்பு. ராகு காலத்தில் பட்டறையில் மெஷின் பட்டனை அமுக்கக்கூட மாட்டார். எனவே எட்டு முப்பத்தைந்துக்கே வீட்டைப் பூட்டிவிட்டோம். 90 அடி ரோட்டில் பஸ் எட்டு நாற்பத்திரண்டுக்கு வந்தது, ஆளுக்குப் பத்து ரூபாய். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. சனிக்கிழமை என்பதால் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டோம்.

மாட்டுங்காவுக்கு முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு போங்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் ரோட்டோரமே கிடைக்கும். மல்லிகை நான்கு முழம் 80 ரூபாய் சொன்னாள், 60க்குக் கொடுத்தாள். அங்கே இருக்கிற கோயிலில் அர்ச்சனை செய்து தேங்காய் மூடி வாங்கிக்கொண்டோம். ஃபில்டர் காபி ஒன்று 40. சிறிய டம்ளர், ஆனால் குடித்துப் பாருங்கள், அந்தக் காசு தெரியாது. இவர் இரண்டு குடித்தார். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

மாட்டுங்காவில் ஆட்டோ ஓடாது, இதை மறந்து நிற்காதீர்கள். டாக்ஸிதான். ஒன்பது இருபத்தைந்துக்கு ஏறினோம். "ராகு காலத்துல கெளம்புதோமே ஏட்டி" என்றார் இவர். "வீட்டுலேருந்துதான் அப்பமே கெளம்பியாச்சே, இது நடுவழிதான" என்றேன். அது அவருக்கும் சரியாகப் பட்டது. டாக்ஸிக்காரர் ஜோன்பூர்க்காரர், நல்ல பேச்சுக்காரர். எந்தப் படம் என்று கேட்டார். பாட்டு மட்டும்தான், கதை இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"ஹீரோயின் கோன் ஹை, மாஜி?"

"ஹீரோயின் நஹி."

"ஃபைட்டிங்?"

"நஹி பாய்."

"ஃபிர் பைசா வசூல் கைசே ஹோகா?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். கதாநாயகி இல்லை, சண்டை இல்லை, கொடுத்த காசுக்கு என்னதான் கிடைக்கும் என்று அவருக்குக் கவலை. இவர்கூடச் சிரித்தார். எட்டு கிலோமீட்டர், மீட்டரில் 170. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஒரு மால் வாசலில் இறக்கிவிட்டார். தியேட்டர் மூன்றாவது மாடி.

பையைச் சோதிக்கிற பெண் தேங்காய் மூடியைக் கண்டுபிடித்துவிட்டாள். சாப்பிடும் பொருள் உள்ளே விட மாட்டார்களாம். பிரசாதம் என்று சொன்னதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் மேஜை டிராயரிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் கோயில் முடித்துப் போவதானால் தேங்காய், பழம் இல்லாமல் போங்கள்.

நான் திரும்பிப் பார்க்கும்போது இவர் சுவரில் இருந்த போஸ்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஐந்து முகம். மூன்றாவது நம் பிள்ளை, தாடியும் மீசையுமாக.

"இவனப் பாக்கவா கூட்டிட்டு வந்த?"

"ஆமா."

"வயலின் கச்சேரின்ன?"

"வயலினும் உண்டுங்க. இருபது வயலின் இருக்காம்."

"வா, வீட்டுக்குப் போவோம்."

லிஃப்டைப் பார்த்து நடந்துவிட்டார். முருகா என்று நான் நினைத்த அந்த நொடியில்தான் அது என் வாயில் வந்தது. "இங்கேருங்க, மணி பத்துதான் ஆவுது. ராகு காலம் முடியலல்லா? இப்பப் போயி வீட்டுக்குன்னு கெளம்பவா போறிய?"

அவர் நின்றார். வாட்சைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ராகு காலத்தில் பட்டன் அமுக்காத மனுஷன். "பத்தரை வரைக்கும் ஒக்காருவேன். பத்தரைக்கு எந்திச்சிருவேன். ஒன்னக் கூப்பிட மாட்டேன்" என்றார்.

எங்கள் சீட் பின்னாலிருந்து நாலாவது வரிசை, ஓரத்தில். தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம். எல்லாம் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள், நான் ஒருத்திதான் பட்டுச் சேலை. விளம்பரம் போட்டார்கள், இன்னும் விளம்பரம் போட்டார்கள். பத்து இருபத்தாறுக்குத்தான் படம் ஆரம்பித்தது. அதிலும் முதலில் வயலின்காரர்கள் சுருதி சேர்ப்பதையே காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சுருதி சேர்க்கிறவர்களைப் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருந்தது. சீக்கிரம் அடிங்கப்பா, மணி ஆகிறது!

பத்தரை. இவர் எழுந்துவிட்டார்.

சரியாக அப்போது டிரம்ஸ் மட்டும் தனியாக ஆரம்பித்தது. திரை முழுக்க அவன் கைகள். அடி காதில் விழுவதற்கு முன்னால் சீட்டில் விழுந்தது. என் முதுகில் தட்டியது, முன் சீட்டைப் பிடித்திருந்த இவர் கையிலும் தட்டியிருக்கும். காது மந்தமானவருக்கும் அது தெரியாமல் போகாது. பின்னாலிருந்து ஒரு பையன், "அங்கிள், பைட்டோ நா" என்று உட்காரச் சொன்னான். இவர் உட்காரவில்லை, போகவும் இல்லை. குனிந்து நின்றபடியே உதடு அசைந்தது. சாமி பேர் சொல்கிறாரோ என்று காதை வைத்துக் கேட்டேன். "அஞ்சு, ஆறு, ஏழு" என்றார். "ஒண்ணு, ரெண்டு..."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரஸ் மெஷினில் தகரத்தைக் கையால் வைப்பார்கள், மேலிருந்து அச்சு இறங்கும், கையை எடுக்க வேண்டும். ஏழு அடிக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணியால் அச்சைத் துடைப்பார்கள். அந்த ஏழு தப்பினால், கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கிவிடும். அதனால் அங்கே எல்லாரும் நாள் முழுக்க ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இவர் தூக்கத்திலும் எண்ணுவார்.

"ஏட்டி, இது ஏழுல்லா" என்று சொல்லிக்கொண்டே இவர் உட்கார்ந்தார். யார் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் எனக்கு. முதலில் அந்த ஏழுக்கு.

எனக்குப் பாட்டு புரிந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு இடத்தில் பாடுகிறவன் தொண்டையிலிருந்து உறுமினான், நான் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டேன். ஆனால் அந்த வயலின்காரர்கள் எல்லாரும் வில்லை ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இறக்கும்போது உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது பாட்டில் வயலின் எல்லாம் நின்றுவிட, இவன் மட்டும் அடித்துக்கொண்டு போனான். இவர் விரல் சீட்டுக் கைப்பிடியில் கூடவே தட்டியது. திடீரென்று கையைப் படக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் வேர்த்துவிட்டது. "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

இடைவேளையில் வெளியே போனவர் எட்டு நிமிஷமாக வரவில்லை. போய்விட்டார் என்றே முடிவு செய்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, "ரெண்டாம் பாதியிலயும் இவன் உண்டா?" என்று கேட்டார்.

படம் முடிய பன்னிரண்டு ஐந்து. வெளியே அந்த ஐந்து பையன்களும் வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார்கள். இவன் எங்களைப் பார்த்ததும் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். இவர் நேராக அவன் முன்னால் போனார்.

"மூணாவது பாட்டு" என்றார்.

"எப்பா?"

"வயலினெல்லாம் நின்ன பொறவு ஏழு ஏழாப் போயிட்டிருந்த. கடைசில எட்டு அடிச்சிட்டலே. எனக்குக் கை பதறிட்டு."

அவனுக்கு முகமே மாறிவிட்டது. பக்கத்தில் குடுமி போட்ட கிட்டார் பையன் என்ன சொல்கிறார் என்று இந்தியில் கேட்டான். இவன் சொன்னதும் அவன் வாயைப் பிளந்தான்.

"தப்புதாம்பா. கச்சேரி நடத்துனவரு ஒரு தட்டு பொறுத்து எல்லாரையும் சேத்துக்கிட்டாரு. எங்க ஆளுவள்லயே ரெண்டு பேருக்குத்தாம்பா தெரியும்."

"தப்புன்னா வெட்டி எறிய வேண்டியதான? ஏன் படத்துல வச்சிய?"

"அத்தன பேரும் ஒரு நாள்தாம்பா வந்தாங்க. மறுபடி அடிக்க முடியாது."

இவர் குனிந்து அவன் கைகளைப் பார்த்தார். பிறகு, "கையக் காட்டு" என்றார்.

இவர் பட்டறையில் சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் ஒருவருக்கொருவர் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். பத்து விரலும் இருக்கிறது என்று அடுத்தவன் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியாளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. இசக்கிக்கும் அது தெரியும். இரண்டு கையையும் விரித்து நீட்டினான். காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. இவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார்.

"பத்தும் இருக்கு. வீட்டுக்கு வா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தச் சோதனைப் பெண் தேங்காய் மூடியோடு தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி போகிறவர்களுக்கு: திரும்பும்போது செம்பூரிலிருந்து சயான் வரை ஆட்டோ கிடைக்கும், எங்களுக்கு 110 ஆனது, மூன்று பேர். காது மந்தமானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின்வரிசை ஓரத்தில் உட்கார வையுங்கள், சீட் வழியாகவே பாதி கேட்டுவிடும். ஏசி கடுமை, சால்வை அவசியம். இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் காட்சி வைக்கிறார்கள், டிக்கெட் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

வருகிற ஞாயிறு காலை இன்னொரு காட்சி இருக்கிறது. இவர் பட்டறையிலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். அந்த எட்டாவது அடி எங்கே வருகிறது என்று ஒருத்தரிடமும் சொல்லக்கூடாதாம். எத்தனை பேர் கையை இழுக்கிறார்கள் என்று பார்க்கணுமாம்.