மச்சாளுக்காகக் கட்டிய குளியலறை

ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு முகவர் வீட்டுக்கு வந்து, அம்மாவையும் என்னையும் கதைத்து மயக்கி, ஒரு காப்புறுதிப் பத்திரத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். மாதாமாதம் சம்பளத்தில் சிறு தொகையாக வெட்டினார்கள். நாளடைவில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். அது முதிர்கிறது, அடுத்த தை மாதம் பணம் கைக்கு வரும் என்று கடிதம் வந்தபோது எனக்கு ஐம்பதுக்கு இரண்டு வயது குறைவு. சம்பளம் வந்தால் அது மளிகைக்கும் மின்சாரத்துக்கும் மகளின் படிப்புக்கும் என்று வருமுன்பே பிரிந்துவிடும். இந்தக் காசுக்கு மட்டும் யாருடைய பெயரும் இல்லை. கடிதத்தை மடித்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கணவருக்குச் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து சுவிஸிலிருந்து மச்சாள் வந்தாள். என் கணவரின் தமக்கை. அவளுடைய வயதுக்கு 'வந்தார்' என்றுதான் எழுதவேண்டும். நான் எழுதப்போவதில்லை.

பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வருகிறாள், எங்களோடு ஒரு கிழமை நிற்பாள் என்றார்கள். ஊர்காவற்றுறைக்கு அருகே எனக்குச் சீதனமாகத் தந்த வீடுதான் எங்கள் வீடு. இரண்டு அறைகள், விறாந்தை, குசினி. நாங்கள் படுக்கும் அறையை அவளுக்கும் அவளது இரண்டு மகள்மாருக்கும் விட்டுக்கொடுத்தோம். புதிய படுக்கை விரிப்பு, புதிய நுளம்புவலை. கழிவறை கிணற்றடிக்குப் பின்னால் தனியாக இருந்தது. குந்தியிருக்கும் பீங்கான், ஒரு வாளி, ஒரு கோப்பை. அதை முதல் நாளும் அன்று காலையும் நானே முழங்காலில் நின்று தேய்த்துக் கழுவினேன். கதவின் பிணைச்சலை மாற்றினோம். சவர்க்காரம் புதிது, துவாய் புதிது.

மதியம் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். விடிய எழும்பிச் சமைத்த நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் மேசையில் இருந்தன. மூத்த மகள் கழிவறை எங்கே என்று கேட்டாள். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கதவைத் திறந்து பார்த்தவள் ஏதோ ஜெர்மன் மொழியில் கத்தினாள். தங்கை ஓடிவந்து பார்த்தாள். பிறகு தாய் வந்தாள். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அதற்குள் நாறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மூக்கை ஏன் பொத்தினாள் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"குறை நினையாதையும்," என்றாள் என்னைப் பார்த்து. "பிள்ளையள் உந்த மாட்டுக் கொட்டிலுக்குள்ள போகமாட்டினம். நாங்கள் யாழ்ப்பாணத்தில ரூம் எடுத்து நிக்கிறம்."

"சாப்பிட்டிட்டாவது போங்கோ, மச்சாள்."

"சாப்பிட்டு வயிறு கலக்கினா எங்க ஓடுறது?"

மகள்மார் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கையிலிருந்த சேலையை விரிக்காமல் அப்படியே நின்று பார்த்தா. இறக்கிய பெட்டிகள் திரும்ப வானில் ஏறின. அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

அன்று கணவரும் நானுமாக மேசையில் இருந்து அவ்வளவு சாப்பாட்டையும் பார்த்தோம். கணவர் ஒரு நண்டுக் காலைக் கடித்துவிட்டு, "அவள் சின்னனிலயே அப்பிடித்தான். விடும்," என்றார். "அவ சொன்னது எனக்கு. உங்களுக்கில்லை," என்று மட்டும் சொன்னேன்.

விட்டிருப்பேனோ என்னவோ. பின்னேரம் கைபேசியில் குடும்பக் குழுவைத் திறந்தேன். எங்கள் கழிவறையின் படம். கதவு திறந்தபடி, வாளியும் கோப்பையும் தெரிய. கீழே மச்சாள் எழுதியிருந்தாள்: 'ஐந்து நட்சத்திர ஹோட்டல்.' அதற்குக் கீழே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதை அவர்கள் மறந்துபோனார்களா, மறக்கவில்லையா, தெரியாது. யார் யார் சிரித்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்தேன்.

அந்த நிமிடத்திலிருந்து காப்புறுதிக் காசுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

நான் அப்போது எழுவைதீவுப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் படகில் போய், மதியத்துக்குப் பிறகு படகில் திரும்புவேன். படகில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இயந்திரச் சத்தத்தில் கதைக்கவும் ஏலாது. நான் மனதுக்குள் அந்தக் காசைச் செலவழித்துக்கொண்டு போவேன்.

முதலில் பெரிதாகவே செலவழித்தேன். வீட்டுக்கு மேல்மாடி. தெருவைப் பார்த்து ஒரு பல்கனி. மச்சாள் வானில் வந்து இறங்கும்போது நான் மேலே நின்று கீழே பார்ப்பேன், உடனே இறங்கி வரமாட்டேன். அந்தக் காசில் மாடிப்படியும் வராது என்று தெரிந்தபோது நகைக்கு மாறினேன். அவளுடைய மகளின் கலியாணத்துக்குத் தடித்த தாலிக்கொடி போட்டுக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் இருப்பேன். சில நாட்கள் விமானச் சீட்டு வாங்கினேன். சுவிஸில் அவள் வீட்டுக்குப் போவேன், கழிவறையைக் கேட்பேன், எட்டிப் பார்ப்பேன், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவேன். "குறை நினையாதையுங்கோ, மச்சாள்," என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்திலேயே திரும்பிவருவேன். இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு மாதம் அதிலேயே இருந்தேன்.

என்னோடு அதே பாடசாலையில் படிப்பித்த ஒரு அக்கா படகில் பக்கத்தில் இருப்பா. கடல்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண், கத்தோலிக்கர், எதையும் சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவ. ஒருநாள் துறையில் இறங்கியதும் கேட்டா.

"நீர் படகுக்குள்ள தனியச் சிரிக்கிறீர். என்ன விசயம்?"

முழுவதையும் சொன்னேன். மேல்மாடி, கொடி, சுவிஸ் எல்லாம். அவ சிரிக்கவில்லை.

"உமக்கு மேல்மாடி ஏன்? அடிச்ச இடத்திலயல்லோ திருப்பி அடிக்க வேணும். நல்ல பாத்ரூம் ஒண்டு கட்டும். கட்டிப்போட்டுப் பூட்டும்."

எனக்குத் தோன்றாத ஒன்று, அவவுக்கு ஒரு மூச்சில் தோன்றியது. அதன்பிறகு நாங்கள் இருவருமாகப் படகிலேயே கட்டத் தொடங்கினோம். வீட்டோடு சேர்ந்த அறை. வெள்ளைக் கொமோட். சுவரில் தோள் உயரம் வரைக்கும் கடல் நிறத்து மாபிள். சுடுதண்ணீர் வரும் ஷவர். "கண்ணாடி பெரிசா வையும், தன்ர மூஞ்சையைத் தானே பாக்கட்டும்," என்றா அக்கா. அவவுக்குக் காசு வந்தால் என்ன வாங்குவா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு அந்தப் படகை முழுதாக வாடகைக்குப் பிடித்து, காலுக்குள் ஒருவருடைய மீன்கூடையும் இல்லாமல் நடுவில் தனியே இருந்து போகவேண்டும் என்றா. சொல்லிவிட்டு வெட்கப்பட்டா.

தை பிறந்தது. பணம் வந்தது.

அதே மாதம் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். தன்னுடைய மடிக்கணினி பழுது, ஒவ்வொரு முறையும் தோழியிடம் கெஞ்சவேண்டியிருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கித் தரமுடியுமா என்று கேட்டாள். காசு இல்லை என்றேன். மறுநாள் மேசன் வந்து அத்திவாரத்துக்கு அளவு எடுத்தபோது விறாந்தையில் நின்று பார்த்தாள்.

"அம்மா, என்ர லப்டொப் காசிலயோ உங்கட கொமோட்?" என்றாள்.

நான் மேசனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை. ஒரு கடனில் பழைய கணினி ஒன்று வாங்கி அவள் அந்த வருடத்தைச் சமாளித்தாள்.

விலைகள் ஏறியிருந்ததால் சுடுதண்ணீர் ஷவர் மட்டும் வரவில்லை. மற்றெல்லாம் வந்தது. கடைசியாக, கதவுக்கு வெளிப்பக்கமும் பூட்டுப் போடவேண்டும் என்றேன். மேசன் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, பாத்ரூமுக்கு உள்ளுக்குத்தான் பூட்டுத் தேவை. வெளியால ஆர் பூட்டுறது?"

"நான் பூட்டுவன், தம்பி. நீர் போடும்."

பிறகு ஒன்றரை வருடம் காத்திருந்தேன். அந்த மாபிளை ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்த்தேன்.

மச்சாள் இம்முறை தனியாக வந்தாள். தகப்பன்வழிக் காணியில் தம்பியோடு, அதாவது என் கணவரோடு, சேர்ந்து கையெழுத்து வைக்கும் வேலை இருந்தது. வருமுன் தொலைபேசியில் எனக்கே கதைத்தாள். இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை நடந்ததாம், குந்த ஏலாதாம்.

"நீர் உள்ளுக்கு நல்ல பாத்ரூம் கட்டினீராமே. தம்பி படம் அனுப்பினவன். இந்த முறை உங்களோடயே நிக்கிறன்."

"ஓம், வாங்கோ மச்சாள்," என்றேன். என் குரல் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

விமான நிலையத்திலிருந்து நேராக வந்தாள். ஊன்றுகோலோடு மெதுவாக இறங்கினாள். கதிரையில்கூட இருக்கவில்லை. "வழியில நல்ல இடம் ஒண்டும் இல்லை. முதல் பாத்ரூமைக் காட்டும்," என்றாள். காட்டினேன். கைப்பிடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. திறப்பு என் கைக்குள் இருந்தது.

"குறை நினையாதையுங்கோ, மச்சாள். இது எங்கட பாவனைக்கு மட்டும். உங்களுக்குப் பின்னால இருக்கு. மாட்டுக் கொட்டில்."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மறந்துபோயிருப்பாளோ என்று நான் பயந்திருந்தேன். மறக்கவில்லை. முகம் சிவந்து, பிறகு வெளிறியது. பெட்டியோடு உள்ளே வந்த கணவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இஞ்சாரும், திறப்பைக் குடும்," என்றார்.

"நீங்கள் இதுக்குள்ள வராதையுங்கோ."

இருபத்தைந்து வருடத்தில் அவருக்கு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. விடுமுறைக்கு வந்திருந்த மகளும் அறைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டாள். மச்சாள் ஊன்றுகோலில் பாரத்தை மாற்றி மாற்றி நின்றாள்.

"நான் அண்டைக்குச் செய்தது பிழைதான்," என்றாள்.

"என்ன செய்தனீங்கள்?"

"அந்தப் படம்."

"என்ன படம், மச்சாள்?"

"கக்கூசின்ர படம். குழுவில போட்டது." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ஏலாமக் கிடக்கு. திறவும்."

"எனக்குச் சொல்லிக் காணாது. சிரிச்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

கைப்பைக்குள் தடவி அவள் கைபேசியை எடுத்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, கால்களை நெருக்கிக்கொண்டு, இரண்டு பெருவிரல்களாலும் எழுதினாள். மகளின் கைபேசி அறைக்குள் சிணுங்கியது. நான் என்னுடையதைத் திறந்து, அவசரப்படாமல் படித்தேன். 'முந்தி நான் போட்ட படம் பிழை. தம்பி பெண்சாதியைக் கேவலப்படுத்தினேன். மன்னிப்புக் கேட்கிறேன்.' ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. இரண்டாம் முறையும் படித்துவிட்டுப் பூட்டைத் திறந்தேன்.

கதவைச் சாத்திய பிறகு உள்ளே தண்ணீர் நெடுநேரம் ஓடியது. குளித்தாளா, அழுதாளா, தெரியாது. நான் குசினிக்குப் போய்ச் சோறு போட்டேன். நண்டுக் கறி வைத்திருந்தேன். அவள் முகம் கழுவி வந்து, சாப்பிட்டு, "உறைப்பு அளவாயிருக்கு," என்று மட்டும் சொன்னாள். நான்கு நாள் நின்றாள். திறப்பைக் கதவிலேயே விட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் நிலத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

குழுவில் யாரும் பதில் எழுதவில்லை. மஞ்சள் முகம் ஒன்றுகூட வரவில்லை. அந்த மௌனத்தை நான் ஒரு கிழமை முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று பின்னேரம் கணவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். நான்கு நாளாக என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தார்.

"அவளின்ர முழங்கால் ஏலாதெண்டு உமக்கு முதலே தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனீர்?"

"ஓம். தெரிஞ்சதாலதான் பூட்டினனான்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். எழுந்து, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு சாப்பிட்டார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பப் பார்க்கச் சரியாக ஒரு மாதம் எடுத்தது. இப்போது பழையபடி கதைக்கிறோம், இந்த விசயத்தைத் தவிர.

மகள் ஒருமுறை கேட்டாள், அப்படிச் செய்ததற்குக் கவலை இல்லையா என்று. அவளுடைய கணினிக்காகக் கவலைப்படுகிறேன் என்றேன். மற்றதற்கு இல்லை. பொய் சொல்லி நல்லவளாகும் வயது எனக்குக் கடந்துவிட்டது.