துளசிப் பொட்டலம்

ராஜபாளையத்தில் என்னோடு இருக்கும் மகன், பட்டாளத்திலிருந்து வந்ததும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். அதன் இன்ஜின் உச்சத்துக்குப் போய்க் கத்தும்போது நான் வாசலுக்கு ஓடிவந்து நிற்பேன். அது போதாதென்று சூப்பர்சார்ஜர் மாட்டப் போவதாகச் சொன்னான். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவியாம். அதை மாட்டத் தேவையான சாமான்கள் மொத்தமும் சேர்ந்ததைக் கிட் என்பான்; அப்படி இரண்டு பார்த்து வைத்திருந்தான். ஒன்று ஆக்சிலரேட்டரில் காலை வைத்ததுமே இழுக்கும். மற்றது முதலில் சாதுவாக இருந்து, இன்ஜின் சுற்று ஏற ஏறப் பாயும். எது என்று முடிவெடுக்க முடியாமல், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோவிலில் பூப்போட்டுப் பார்க்க என்னையும் அழைத்துப் போனான்.

முதல் கிட்டுக்கு வெள்ளைப் பூ, மற்றதற்குச் சிவப்பு என்று இலையில் மடித்துக் கட்டினான். ஆட்கள் முன்னால் வாய் திறக்காத நான் அன்று கேட்டுவிட்டேன்.

“ரெண்டும் வேண்டாம்ங்கிறதுக்கு ஒரு பூ கிடையாதாப்பா?”

“சாமியவே மடக்கப் பாக்கியேம்மா!” என்று சிரித்தான்.

“ஏலே, அவிய கேக்குறதும் ஞாயந்தான? துளசி வையி,” என்றார் வயதான பூசாரி.

மூன்று பொட்டலங்களையும் சாமி காலடியில் போட்டு, அவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். துளசி வரட்டும் என்று வேண்டினேன். சிவப்பு வந்தது. சாதுவாக இருந்து பாய்கிற கிட்.

சாமி சொன்னதை மறுக்க முடியாது. “அப்படின்னா வண்டில நானும் வருவேன்,” என்றேன்.

“எங்கன போனாலுமா?”

“எங்கன போனாலும்.”

கிட் மாட்டியாகிவிட்டது. நான் பக்கத்தில் இருந்தால் அவன் அழுத்தமாட்டான். சாவியை எடுக்கும் சத்தம் கேட்டதும், பயத்தோடே செருப்பைத் தேடுகிறேன்.